ஷிஃப்ட் மாறிப் போன ரம்ப மிஷின்

பட்டறையில் புதிதாகச் சேருகிற எல்லாரும் முதல் வாரத்திலேயே ஒரே கேள்வியைக் கேட்டுவிடுகிறீர்கள். சுவரில் கொக்கி போட்டுத் தனியாக ஒரு பழைய ரம்ப மிஷின் தொங்குகிறதே, அதை ஏன் விற்பதில்லை? ஒருவர் பாகத்துக்காகப் பிரித்துவிடலாமா என்று கேட்டார். இன்னொருவர், "அது என்ன சார் சாமி படமா, வந்ததும் வராததுமா தொடைக்கிறீங்க?" என்றார். யார் என்று சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். நான் இப்போது பெஞ்சிலும் இல்லை, கல்லாவிலும் இல்லை. ஓய்வு பெற்றாயிற்று. வாய் மட்டும் இன்னும் ட்யூட்டியில் இருக்கிறது. அதனால் சொல்கிறேன், கேளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே நிலக்கரி மைன்ஸில் பெர்மனன்ட் ஆனவர். நான் குவார்ட்டர்ஸில் வளர்ந்து பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தவன். வேலை கிடைக்கவில்லை, பந்தா மட்டும் நிறையக் கிடைத்திருந்தது. தெருவைப் பெருக்குகிற பெல்பாட்டம், காதை மூடுகிற முடி. அடுத்த பிளாக்கில் இருந்த பழனிக்கும் அதே கதைதான். கோயமுத்தூர்ப் பக்கத்துக் குடும்பம், மெக்கானிக்கல் டிப்ளமா. எங்கள் இரண்டு அப்பாக்களும் எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட சத்தம் டவுன்ஷிப் முழுக்கக் கேட்டிருக்கும். அந்தச் சத்தம் தாங்காமல்தான் மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாப் அருகே ஒரு தகரக் கொட்டகை பிடித்து, பழைய மரம் அறுக்கும் மிஷின்களை வாங்கிச் சரிசெய்து விற்க ஆரம்பித்தோம்.

அப்போது செயின் ரம்பம் என்பது சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் கண்ணால் பார்க்காத பொருள். எல்லாம் வெளிநாட்டு மிஷின். பெரிய நிறுவனங்களும் எஸ்டேட்காரர்களும் ஓட்டித் தள்ளி, கழித்துக் கட்டி ஏலம் விடுவார்கள். நாங்கள் போய் நிற்போம். ஏலத்தில் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க விடமாட்டார்கள். கண்ணும் மூக்கும்தான் கருவி.

வாங்குகிற வித்தை பெரிதாக ஒன்றும் இல்லை. புதுப் பெயின்ட் அடித்த பழைய மிஷினை நம்பாதீர்கள். தூசியோடு கிடக்கிற மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. யாராவது வீட்டில் விற்கிறேன் என்று கூப்பிட்டு, நீங்கள் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தால், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். ஆறின பிறகு வந்து கயிற்றை இழுங்கள். சைலன்சரைக் கழற்றி ஓட்டை வழியே பிஸ்டனைப் பாருங்கள். கோடு கோடாகக் கீறியிருந்தால் ஒரு கும்பிடு போட்டு நடையைக் கட்டுங்கள். இதெல்லாம் தானாக வந்துவிடும். தானாக வராத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அஞ்சலை அக்கா எங்களிடம் மிஷின் வாங்கினவர். காடாம்புலியூர்ப் பக்கம். சொந்தமாகக் காணி நிலம் கிடையாது. குடும்பமே பரம்பரையாக அடுத்தவர் தோப்பில் கூலிக்கு மரம் வெட்டிய ஆட்கள். அந்த வட்டாரத்தில் எந்த முந்திரித் தோப்பை அழித்தாலும் ஒரே ஒரு கான்ட்ராக்டர்தான் எடுப்பார். அவரிடம் கோடாலி பிடிப்பதுதான் இவர்களுக்கு வேலை. அக்கா என்ன செய்தார் என்றால், நகையை விற்று எங்களிடம் ஒரு பழைய மிஷினை வாங்கி, நேரே தோப்புக்காரரிடம் போய், "மழைக்கு முன்னாடி தோப்ப நான் காலி பண்ணித் தரேங்க, என்கிட்ட மிஷின் இருக்குது" என்று சொல்லி வேலையைப் பிடித்துவிட்டார். தோப்புக்காரருக்குப் புதுக் கன்று நட வேண்டிய அவசரம். சரி என்றுவிட்டார். அக்காவை நம்பி அவர் தெருவே கான்ட்ராக்டரிடமிருந்து விலகி வந்துவிட்டது.

ஒரு நாள் மத்தியானம், அக்கா பஸ்ஸிலிருந்து சாக்கு மூட்டையோடு இறங்கினார். பின்னாலேயே தம்பி கோவிந்தன். மூட்டையை எங்கள் பெஞ்சில் போட்ட சத்தத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது.

"இன்னா தம்பி, செத்த பொணத்த என் தலையில கட்டிட்டீங்களா? கவுறு இழுக்கவே வரல."

"நேத்து ஓடிச்சா அக்கா?" என்றேன்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் ஜோரா ஓடிக்கினுதான் இருந்துச்சு. காலைல பாத்தா கல்லு. நாளைக்குக் காலைல ஐயா தோப்புக்கு வராரு. மிஷின் ஓடலைன்னா பழைய ஆளுக்கே குடுத்துடுவேன்னுட்டாரு. அவன் இன்னிக்கே வந்து மரத்த எண்ணிக்கினு போறான். எங்க ஆளுங்க மறுபடியும் அவன் கால்ல வுழுவணும்."

பழனி முந்திக்கொண்டான். "பெட்ரோல்ல ஆயில் கலந்தீங்களா அக்கா?"

"கலந்தேன்."

"கலந்திருக்க மாட்டீங்க. கலந்தா இன்ஜின் ஜாம் ஆகாதுங்க."

"அப்ப நான் பொய் சொல்றேன்றியா?"

பக்கத்து டீக்கடையில் இருந்த கூட்டம் டம்ளரோடு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. ஒருவர், "பொம்பள கையில மிஷினக் குடுத்தா இப்பிடித்தான்" என்றார்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒன் பொண்டாட்டி கையில அருவாமனையக் குடுத்துட்டுத்தான இங்க வந்து டீ குடிக்கற. வாய மூடிக்கினு குடி."

டீக்கடை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். வாசலில் கூட்டம் நிற்கிறது, மிஷினை விற்றவன் நான், வாங்கினவர் கோபத்தில் இருக்கிறார். இந்த நேரத்தில் நம் வாய் தானாக நமக்கு வக்கீலாகிவிடும். 'விற்ற பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை' என்று போர்டு எழுதி மாட்டியிருப்பதும் அப்போதுதான் ஞாபகம் வரும். நம் தொழிலில் மிஷினைத் திறந்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். நான் ஸ்பானரை எடுத்தேன்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே கறுப்பாக, மினுமினுவென்று, தார் காய்ந்த மாதிரி ஏதோ இறுகிக் கிடந்தது. சங்கிலியைத் தூக்கிப் பிடித்தால் துவண்டு தொங்க வேண்டும் அல்லவா? அது வளைத்து வைத்த கம்பி மாதிரி விறைத்து நின்றது. தட்டித் தட்டிச் சங்கிலியைப் பிரித்து எடுத்துவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. இன்ஜினுக்கு ஒன்றுமே இல்லை. வெளியே சங்கிலிதான் பிடித்து வைத்திருக்கிறது, இன்ஜின் உள்ளே உயிரோடு இருக்கிறது.

அந்தக் கறுப்பைச் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனேன். பண்ருட்டி ரோட்டில் பஸ்ஸில் போனால் வருமே, முந்திரிக்கொட்டை வறுக்கிற வாசனை. அதே.

"கோவிந்தா, கையக் காட்டு."

விரலெல்லாம் பழுப்பாகி, தோல் உரிந்து கொப்புளமாக இருந்தது.

"சங்கிலிக்கு என்ன எண்ணெய் ஊத்துன?"

கோவிந்தன் அக்காவைப் பார்த்தான். அக்காதான் சொன்னார். "நீங்க குடுத்த ஆயிலு தீந்துபோச்சு தம்பி. வூட்ல கொட்ட எண்ண இருந்துச்சு. கதவுக்கு, உத்தரத்துக்கு எல்லாம் பூசுவோமே, கரையான் ஏறாம. அது கொழகொழன்னு நல்லா ஒட்டிக்கினு இருக்கும். சங்கிலிக்கும் ஒட்டிக்கினு இருக்கட்டும்னு நான்தான் ஊத்தச் சொன்னேன்."

உண்மையைச் சொல்கிறேன், யோசனை மோசமே இல்லை. ஓடுகிற சங்கிலியிலிருந்து சிதறாமல் ஒட்டிக்கொள்கிற எண்ணெய்தான் நமக்கு வேண்டும். முந்திரி ஓட்டு எண்ணெய் அபாரமாக ஒட்டும். ஆனால் சூடு பட்டால் வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். நாளெல்லாம் ஓடுகிற வரை ஓடியிருக்கிறது. மிஷினை நிறுத்தி வைத்ததும் சங்கிலி, சக்கரம், கிளட்ச் எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிவிட்டது. உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்தத் தப்பைச் செய்கிற வசதி கிடையாது. நான் மூன்று வருஷம் படித்த கெமிஸ்ட்ரி என் தொழிலுக்கு உதவியது அந்த ஒரு மத்தியானம்தான். அதற்காகக் கல்லூரிக்கு என் நன்றி.

பழனி தலையைச் சொறிந்தான். "நான் சொன்னது தப்புங்க்கா" என்றான். கூட்டத்துக்கு முன்னால் சொன்னான். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமலே எத்தனையோ மெக்கானிக்குகள் ரிட்டயர் ஆகியிருக்கிறார்கள்.

"வுடு தம்பி. இப்ப ஓடுமா, ஓடாதா?"

அதுதான் சிக்கல். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். எண்ணெய் போகிற பொடி ஓட்டையெல்லாம் அடைத்திருந்தது. அவசரப்பட்டுத் தட்டினால் சங்கிலி ஓடுகிற நீளத் தகடு, அந்தப் பார், வளைந்துவிடும், அதற்கு மாற்று எங்களிடம் இல்லை, மெட்ராஸிலிருந்துதான் வர வேண்டும். "இன்னிக்கு முடியாது அக்கா. ரெண்டு நாள் ஆகும்" என்றேன்.

இவ்வளவு நேரம் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். சண்டை போட்டபோது இருந்த பலம் எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "தெருவுல எல்லாரயும் நான்தான் இழுத்துக்கினு வந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

பழனி என்னைப் பின்பக்கம் இழுத்துப் போனான். பெஞ்சின் ஓரத்தில் அதே கம்பெனி, அதே மாடல் மிஷின் ஒன்று ரிப்பேர் முடிந்து தயாராக இருந்தது. மைன்ஸில் மண் வெட்டுகிற ராட்சத மிஷினை ஓட்டுகிற ஓர் ஆபரேட்டருடையது. வார ஓய்வு நாட்களில் ரம்பம் எடுத்துக்கொண்டு வெளியே மரம் அறுக்கப் போவார். அன்று முதல் ஷிஃப்ட் முடிந்து நாலு மணிக்கு வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

"இந்தா பாரு," என்றான் பழனி மெதுவாக. "இத அக்காகிட்டக் குடுத்தனுப்பு. அவர் வந்தா கார்புரேட்டர் இன்னும் சரியாகலன்னு சொல்லிரலாம். ஏற்கனவே அதுக்காக அலைஞ்சவர்தான், இன்னும் ஒருக்கா அலையட்டும். நாம என்ன திருடவா போறோம்? நல்ல காரியம்தானடா."

தம்பிகளே, கெட்ட யோசனை கெட்ட யோசனை மாதிரியே வந்தால் எவனும் ஏமாறமாட்டான். இது பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு தெருவே பிழைக்கும், ஒருவர் ஒரு தடவை கூடுதலாக சைக்கிள் மிதிப்பார். கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் பெஞ்சில் கிடக்கிற மிஷின் நம்முடையது இல்லை. அதை நம்மிடம் விட்டுப் போனவர், தான் இல்லாதபோது அது சும்மா இருக்கும் என்று நம்பித்தான் போயிருக்கிறார். அவரைக் கேட்காமல் அவரை நல்லவராக்க நமக்கு உரிமை கிடையாது.

"வேணாம்டா. வரட்டும், கேப்போம்" என்றேன்.

"அந்த ஆளுகிட்டயா? போன தடவ உன்னய என்ன கேட்டாரு, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. 'பி.எஸ்சி. படிச்சு என்னத்தக் கிழிச்ச? ஒரு கார்புரேட்டர் ஒனக்கு அடங்க மாட்டேங்குது' என்று கேட்டிருந்தார். பஸ் ஸ்டாப் முழுக்கக் கேட்கிற குரலில்.

எங்கள் கிசுகிசுப்பு தகரத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது போலிருக்கிறது. அக்கா எழுந்து உள்ளே வந்தார். "யாரு மிஷினுப்பா அது?"

சொன்னேன்.

"நாலு மணிக்கு வருவாரா? வரட்டும். நானே கேக்கறேன். இல்லன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போவட்டும். சொல்லாம எடுத்துக்கினு போயி அறுத்தா எனக்குக் கை ஒதறும்பா."

நாலு மணி வரைக்கும் நாங்கள் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷுமாக அக்காவின் மிஷினோடு போராடினோம். கோவிந்தன் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துணி சுற்றிவிட்டான் பழனி.

அவர் வந்தார். ஷிஃப்ட் டிரஸ்ஸோடு, முழங்கால் வரை மண்ணோடு. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்குப் பிடிக்காது. மதுரைக்குத் தெற்கே ஊர். முதலில் தன் மிஷினைத் தூக்கி வெளியே வைத்துக் கயிற்றை இழுத்தார். வரவில்லை. இரண்டாவது முறையும் வரவில்லை. அவர் நிதானமாக பேன்ட் பாக்கெட்டிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்து, ஒரு வெற்றிலை போட்டுக்கொண்டு, சோக்கைத் திறந்துவிட்டு மறுபடி இழுத்தார். பட்டென்று பிடித்துக்கொண்டது. தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ம். இப்பத்தான் மனுசக் குரல்ல பேசுது. இதுக்குக் கோவம் ஜாஸ்தி. முதல்ல வரலைன்னா இழுத்துக்கிட்டே இருக்கப்படாது. பெட்ரோல் ஏறிக்கிரும். விட்றணும். ஒரு வெத்தல போடுற நேரம்."

அணைத்துவிட்டு நிமிர்ந்தபோது அக்கா எதிரில் நின்றார். சுற்றி வளைக்கவில்லை. கொட்டை எண்ணெய் ஊற்றியது, மிஷின் ஒட்டிக்கொண்டது, நாளைக் காலை தோப்புக்காரர் வருவது, கான்ட்ராக்டர் மரம் எண்ணிவிட்டுப் போனது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நாளைக்கு ஒங்க மிஷின் வோணும் சார்" என்றார்.

"நாளைக்கு எனக்கு ஆஃப். குறிஞ்சிப்பாடியில ஒரு புளியமரம் சொல்லி வச்சிருக்கேன்."

"அப்ப வாணாம் சார். ஒங்க வேலையக் கெடுத்துக்கினு எனக்கு வாணாம்."

"நான் தர்றேன்னு இன்னும் சொல்லவே இல்ல. அதுக்குள்ள வேணாங்குற." அவர் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தார். "எத்தன குடும்பம் ஒன்ன நம்பி நிக்குது?"

"எங்க தெருவே நிக்குது சார்."

டீ வந்தது, குடித்தார். டம்ளரை வைத்தார். "மைன்ஸ்ல எங்களுக்குள்ள ஒரு வழக்கம் இருக்கு. மியூச்சுவல்னு சொல்லுவோம். எனக்கு ஊர்ல ஒரு சோலி, ஷிஃப்ட்டுக்கு வர முடியலைன்னு வையி. ஒன்கிட்டக் கேப்பேன். நீ என் ஷிஃப்ட்டப் பாப்ப, பெறகு ஒன் ஷிஃப்ட்ட நான் பாப்பேன். ரெண்டு பேரும் சம்மதிச்சு மாத்திக்கிறது. புரியுதா?"

"நீங்க சம்பளக்காரங்க, ஒங்களுக்கு ஷிஃப்ட்டு இருக்குது. என்கிட்ட இன்னா இருக்குது மாத்திக்க?"

"ஒன் மிஷின் இருக்குல்ல?"

"அதான் ஒட்டிக்கினு கெடக்குதே."

"இந்தப் பயலுக ரெண்டு நாள்ல சரி பண்ணிருவாய்ங்க. என் அடுத்த ஆஃபுக்கு ஒன் மிஷின நான் எடுத்துக்கிட்டுப் போறேன். நீ என்னுத வச்சுத் தோப்ப முடி. முடிச்சதும் திருப்பி மாத்திக்குவோம்."

பழனி குறுக்கே வந்தான். "சார், பாரையும் சங்கிலியையும் மட்டும் கழட்டி அக்கா மிஷின்ல மாட்டிக் குடுத்துரலாமுங்க. உங்க இன்ஜின் உங்ககிட்டயே இருக்கும்."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பாதி ஆள ஷிஃப்ட்டுக்கு அனுப்புவாய்ங்களா? போனா முழுசாப் போகணும்." பிறகு அக்காவிடம், "மியூச்சுவல்ல ஒரே சட்டம்தான். மாத்திக்கிட்ட ஆளு வராமப் போனா ரெண்டு பேருக்கும் மெமோ. ஒனக்கு நான் ஜவாப்தாரி, எனக்கு நீ ஜவாப்தாரி. மண்ணுல படவிடாத. முந்திரி தரையோட தரையாக் கெடக்கும், சங்கிலி செம்மண்ணத் தொட்டா மழுங்கிரும். அப்புறம் அந்தக் கொட்டை எண்ணெய..."

"ஐயோ, கண்ணுலயே காட்டமாட்டேன் சார்."

அவர் எழுந்து, மிஷினை அக்காவின் சாக்கில் தானே போட்டுக் கட்டிக்கொடுத்தார். பிறகு சைக்கிளை எங்கள் கொட்டகையில் நிறுத்திவிட்டுக் குறிஞ்சிப்பாடி பஸ் ஏறினார், நாளைக்கு வர முடியாது என்று புளியமரத்துக்காரரிடம் நேரில் சொல்ல.

மறுநாள் முதல் பஸ்ஸில் நானும் தோப்புக்குப் போனேன். சரியான சங்கிலி எண்ணெய் கொடுக்கிற சாக்கு. உண்மையில் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை.

தோப்புக்காரர் குடையோடு நின்றிருந்தார். கான்ட்ராக்டர் கொஞ்சம் தள்ளி, கோடாலிக்காரர்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னா அஞ்சல, மெக்கானிக்கையும் கூட்டிக்கினு வந்துட்ட. நாளைக்கு டாக்டரையும் கூட்டிக்கினு வா" என்றார். கோடாலிக்காரர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் அக்காவின் தெரு மாதிரித் தெருக்காரர்கள்தான்.

கோவிந்தன் துணி சுற்றிய கையோடு கயிற்றை இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். வரவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டான்.

என் கை தானாகப் போயிற்று. தோப்புக்காரர் குடையால் தடுத்தார். "தம்பி, நீ தெனமும் இங்க வருவியா?"

"இல்லைங்க."

"அப்ப நீ தொடாத. அந்தப் பொண்ணு ஓட்டறேன்னு சொல்லித்தான் வேலை குடுத்தேன். ஓட்டட்டும், பாப்போம்."

அவர் சொன்னது நியாயம். நான் கைகளை பெல்பாட்டம் பைக்குள் விட்டுக்கொண்டேன். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், செய்யவும் முடியாது, சொல்லவும் முடியாது. அதன் பிறகு பழுதான எத்தனையோ மிஷின்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். பையில் கையை விட்டுக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு எதுவும் ஈடில்லை.

கோவிந்தன் மூன்றாவது முறை இழுக்கப் போனான். "வுடு" என்றார் அக்கா. மிஷினை வாங்கி ஒரு கட்டைமேல் வைத்தார். அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சுருக்குப் பையைத் திறந்து, ஒரு வெற்றிலையை எடுத்துத் துடைத்தார். காம்பைக் கிள்ளினார். சுண்ணாம்பு தடவினார்.

"தோ பார்றா, விருந்துக்கு வந்த மாரி வெத்தல போடுது" என்றார் கான்ட்ராக்டர்.

"நீயும் ஒண்ணு போட்டுக்கோ அண்ணே. வாய்க்கு வேல இருக்கும்."

தோப்புக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிக்கிறாரா கோபமா என்று தெரியவில்லை. அக்கா நன்றாக மென்று, ஓரமாகத் துப்பிவிட்டு எழுந்தார். சோக்கைத் திறந்தார். மிஷினைக் காலால் அழுத்திப் பிடித்துக் கயிற்றை அவரே இழுத்தார். ஒரே இழுப்பு.

அந்தத் தோப்பு முழுக்கச் சத்தம் நிறைந்தது. காக்காயெல்லாம் கிளம்பிவிட்டன. அக்கா முதல் கிளைக்கு அடியில் ஒரு கட்டையைத் தள்ளி முட்டுக் கொடுத்து, சங்கிலி மண்ணைத் தொடாமல் அறுத்தார். கிளை சாய்ந்தது. அக்காவின் ஆட்கள் ஓடிப்போய் இழுத்தார்கள். கொஞ்ச நேரத்தில், அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கோடாலிக்காரர்களில் ஒருவர் எழுந்து வந்து, யாரும் கூப்பிடாமலே கிளை கழிக்க ஆரம்பித்தார். பிறகு இன்னொருவர். தோப்புக்காரர் குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார்.

மழைக்கு முன்னால் தோப்பு காலியாயிற்று. அதற்குள் நாங்கள் அக்காவின் மிஷினைச் சுத்தம் செய்து முடிக்க, ஆபரேட்டர் தன் அடுத்த ஆஃபுக்கு அதை எடுத்துப்போய்ப் புளியமரத்தை அறுத்துவிட்டு வந்தார். வந்து எங்களைத்தான் திட்டினார். "சங்கிலி ஒரு பக்கமா இழுக்குது. இதையா அந்தப் பொம்பளைக்கு வித்தீங்க? ஒழுங்காத் தீட்டிக் குடுங்கடா." தீட்டிக் கொடுத்தோம்.

அக்கா அவர் மிஷினைத் திருப்பிக் கொண்டுவந்த அன்று சாக்கைக்கூடத் துவைத்திருந்தார். சங்கிலி தீட்டியிருந்தது. ஆபரேட்டர் வழக்கம்போல வெளியே வைத்து இழுத்தார், வெற்றிலை போட்டார், இழுத்தார், தலையைச் சாய்த்துக் கேட்டார். "மெமோ இல்ல" என்றார். அவ்வளவுதான் பாராட்டு. அக்கா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

அக்கா போன பிறகு நான் வாய் சும்மா இராமல் அவரிடம், "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றேன்.

"எதுக்கு?"

"நீங்க குடுக்கலைன்னா..."

"ஏலே, நாலு மணி வரைக்கும் என் மிஷின என்னக் கேக்காமத் தொடாம வச்சிருந்தியே, அதுக்குத்தான் குடுத்தேன். தொட்டிருந்தன்னா ஒன் கொட்டகையப் பிரிச்சிருப்பேன்." சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் தானமாகக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் அக்கா கும்பிட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பார். ஒட்டிக்கொண்டு கிடந்த மிஷினைப் பதிலுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டாரே, அதனால்தான் அக்கா மறுநாள் தோப்பில் நிதானமாக உட்கார்ந்து வெற்றிலை போட முடிந்தது என்று நினைக்கிறேன். தன் ஷிஃப்டில் தன் வேலையைப் பார்க்கிற ஆள் மாதிரி. இதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்தது. அந்த அதிர்ஷ்டத்துக்கு நான் யாருக்கு நன்றி சொல்வது? சொன்னவனையும் அவர் திட்டிவிட்டார்.

ஆபரேட்டர் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஊருக்குப் போனார். போகும்போது தன் மிஷினை எங்களிடம் விற்கவில்லை, கூடவே எடுத்துப் போனார். அக்கா அடுத்தடுத்துத் தோப்பு எடுத்தார், மிஷின்கள் வாங்கினார். எங்களிடம் மட்டும்தான் வாங்கினார், கடைசி வரை பேரம் பேசினார். ஒரு நாள் அந்த முதல் மிஷினைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து அதே பெஞ்சில் வைத்தார். சத்தம் வராமல் மெதுவாக வைத்தார்.

"எவ்வளவு வேணும் அக்கா?" என்றேன், விற்க வந்திருக்கிறார் என்று நினைத்து.

"நான் வெல கேட்டனா? இத வித்துடாத தம்பி. நாளைக்குக் காலைல தோப்புல நிக்கணும், மிஷின் பூடுச்சின்னு எவனாவது வந்து இந்த வாசப்படியில குந்துவான். அவங்கிட்ட இத குடுத்தனுப்பு. அவன் மிஷின வாங்கி வெச்சிக்க."

"திரும்பி வரலைன்னா?"

"ரெண்டு பேருக்கும் மெமோன்னு சொல்லு."

அன்று அடித்த கொக்கிதான் அது. எத்தனை பேர் கையில் போய் வந்திருக்கிறது என்று நான் எண்ணியதில்லை. ஒரு தடவை சேத்தியாத்தோப்புக்குப் போய், வெள்ளத்தில் பஸ் நின்று, வெகு நாள் கழித்து வந்தது. ஆனால் வந்தது. துடைத்துத் துடைத்து வைப்பது அதற்காகத்தான். கூப்பிட்ட நேரத்துக்குக் கிளம்ப வேண்டிய ஆள், அழுக்காக இருக்கக் கூடாது.

இனி கொக்கி உங்கள் பொறுப்பு. யாராவது வாசல்படியில் உட்கார்ந்தால் என்னைக் கேட்க வேண்டாம், பழனியையும் கேட்க வேண்டாம். அவர் மிஷினை முதலில் திறந்து பாருங்கள். இன்றைக்கு முடியாது என்றால், எழுந்து போய் அதை இறக்கிக் கொடுங்கள். அவருடையதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மறக்காமல் கேட்டு வாங்குங்கள். நான் எப்போதாவது டீ குடிக்க வரும்போது, அந்தக் கொக்கி காலியாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்.